யாரும் வாய் வைக்காத கப்

எங்கள் கல்லூரி கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற ரோட்டில், ஊர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. விவசாயப் படிப்பு. அங்கிருந்து என் ஊருக்கு ஒன்றரை மணி நேரம் பஸ். வீட்டை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு எதற்கு ஹாஸ்டல் என்று வீட்டில் பெரிய சண்டை. சண்டை போட்டு ஜெயித்து, பெட்டியோடு போய் நின்றால் வார்டன் அக்கா தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். பெண்கள் ஹாஸ்டலில் இடம் இல்லையாம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று பின்னால் கட்டியிருக்கும் பிளாட் ஒன்றில் ஒரு கட்டில் காலியாம். இரண்டு ரூம், ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு பாத்ரூம். ஏற்கெனவே இருக்கிற இரண்டு பேரில் ஒருத்தி தான்சானியா, இன்னொருத்தி நேபாளம்.

"பாஸ்போர்ட் இல்லாமலே வெளிநாடு போற. குடுத்து வச்சவ" என்றார் வார்டன் அக்கா. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கதவைத் திறந்தது தான்சானியாக்காரி. நல்ல உயரம். நான் வாயைத் திறப்பதற்குள் என்னைக் கட்டிப் பிடித்துத் தரையிலிருந்து தூக்கியே விட்டாள். எங்கள் வீட்டில் கல்யாணமாகிப் போகிற பிள்ளையைக்கூட யாரும் கட்டிப் பிடித்து நான் பார்த்ததில்லை. கன்னத்தை ஒரு தட்டுத் தட்டுவார்கள், அவ்வளவுதான். பெட்டியின் கைப்பிடியை விடாமல் நான் மரம் மாதிரி நின்றேன். 

சாயங்காலம் அம்மா போன் போட்டாள்.

"ஏட்டி, எல்லாருக்கும் ஒரே கக்கூசா?"

"ஆமாம்மா."

"அவியளும் நம்மள மாதிரித்தான் தண்ணி புழங்குதாவளா?"

"நான் போய் எட்டியா பாக்க முடியும்?"

"பாத்து வச்சுக்கிடணும்ட்டி. பெறகு சொல்லலன்னு சொல்லாத" என்று போனை வைத்துவிட்டாள்.

கக்கூஸில் ஒன்றும் அதிர்ச்சி இல்லை. அதிர்ச்சி சாப்பாட்டில் இருந்தது. அன்றைக்கு தான்சானியாக்காரி மக்காச்சோள மாவில் களி கிண்டினாள். பார்க்க எங்கள் ஊர்க் களி மாதிரியேதான், நிறம் மட்டும் வெள்ளை. கீரையைக் கடைந்து, நெத்திலிக் கருவாட்டைத் தக்காளி போட்டுக் குழம்பு வைத்து, எல்லாவற்றையும் ஒரு பெரிய தாம்பாளத்தில் வைத்து ஹாலில் நடுத்தரையில் கொண்டுவந்து வைத்தாள். நான் தட்டு எடுக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தட்டு எதற்கு, இதுதான் தட்டு என்றாள். நாங்கள் மூவரும் பேசிக்கொள்வது இங்கிலீஷில்தான். அவள் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

அவள் களியை உருட்டி, குழி பண்ணி, குழம்பில் தோய்த்து வாயில் போட்டு, அதே விரலால் மறுபடியும் தாம்பாளத்தில் கிள்ளினாள். எனக்குப் பகீரென்றது. எச்சில் என்றால் எங்கள் வீட்டில் அவ்வளவு பயம். தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக் குடிக்கத் தெரிவதற்கு முன்னால் நான் எத்தனை தடவை மூக்கில் தண்ணீர் ஏறி இருமியிருக்கிறேன் தெரியுமா. நேபாளத்துக்காரியைப் பார்த்தேன். அவள் ஊரிலும் எச்சில் பார்ப்பார்களாம். வந்த முதல் நாளே அவள் அதைச் சொல்லிவிட்டாளாம். தன் பங்கைத் தனித் தட்டில் வாங்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

"எனக்கு இன்னைக்கு விரதம்" என்றேன்.

"எந்தச் சாமிக்கு?"

"எங்க ஊர்ச் சாமிக்கு."

அவள் நம்பிவிட்டாள். நான் விரதம் முடிக்கும்போது சாப்பிடட்டும் என்று கொஞ்சம் களியை மூடி வைத்தாள். ஒரு மாதத்துக்கு எனக்கு வாரத்தில் நாலு நாள் விரதம். கடைசியில் மெஸ்ஸில் போட்ட சாம்பாரைப் பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பி வந்த ஒரு நாள், அந்த நெத்திலி வாசனைக்கு என் விரதம் தாக்குப் பிடிக்கவில்லை. போய் உட்கார்ந்து தாம்பாளத்தில் கையை வைத்துவிட்டேன். முதல் வாய் இறங்கத்தான் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு தினமும் அவளோடு ஒரே தாம்பாளம்தான். அன்றிலிருந்து எனக்கு என்னைப் பற்றி ஒரே பெருமை. சாதி, தீட்டு, எச்சில் எல்லாவற்றையும் ஒரு கருவாட்டுக் குழம்பில் கரைத்துவிட்டேன் என்று நினைப்பு.

பொங்கலுக்கு மெஸ்ஸை மூடினார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லாம் கிளம்ப, இவர்கள் இரண்டு பேரும் போக இடமில்லாமல் இருந்தார்கள். உங்கள் ஊர் மண்ணைப் பார்க்க வேண்டும் என்று தான்சானியாக்காரி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஊரிலும் கரிசல் மாதிரியே கறுப்பு மண்ணாம். மழையில் காலைப் பிடித்து இழுக்குமாம், கோடையில் வெடிக்குமாம். அவள் அம்மா அதில் பருத்தி போடுகிறாளாம். வீட்டில் கேட்டேன்.

"பொங்கலும் அதுவுமா பிள்ளையள அங்கன பட்டினி போட்டுட்டு நீ மட்டும் வருவியாக்கும்? கூட்டிட்டு வா" என்றாள் அம்மா. என் அம்மா தங்கம் என்று நேபாளத்துக்காரியிடம் பீற்றிக்கொண்டேன்.

நாங்கள் போன அன்றைக்கு உளுந்து பறித்துக் களத்தில் போட்டிருந்தார்கள். தான்சானியாக்காரி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நேராகக் கரிசல் காட்டுக்குள் இறங்கினாள். ஒரு கட்டியை எடுத்து, விரலால் நொறுக்கி, மோந்து பார்த்து, ஒரு துளி நாக்கில் வைத்தாள். களத்தில் இருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஏட்டி, அந்தப் பிள்ளை மண்ணத் திங்குது" என்று அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "முழுகாம இருக்காளா, கேளு."

உப்பு இருக்கிறதா என்று பார்க்கிறாள், அவள் அம்மா சொல்லிக் கொடுத்த பழக்கம் என்று நான் சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு உயிர் வந்தது. அதன் பிறகு அவளை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. இரண்டு பேருக்கும் புதியம்புத்தூரில் தைத்த பூப்போட்ட நைட்டி எடுத்து வைத்திருந்தாள். தான்சானியாக்காரிக்கு அது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. அம்மா விழுந்து விழுந்து சிரித்து, விளிம்பில் ஒரு துண்டு துணி வைத்துத் தானே தைத்துக் கொடுத்தாள். அந்தச் சுருட்டை முடியில் எப்படி எண்ணெய் வைப்பது என்று பக்கத்து வீட்டு அத்தையோடு ஆலோசனை வேறு நடந்தது.

பிறகு டீ வந்தது.

அம்மா தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். மூன்று எவர்சில்வர் டம்ளர், ஒரு பேப்பர் கப். நேபாளத்துக்காரிக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர், அப்பாவுக்கு ஒரு டம்ளர். பேப்பர் கப்பைத் தான்சானியாக்காரி கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது அம்மா முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. "சூடா இருக்கு தாயி, பாத்துக் குடி" என்று வேறு சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பேப்பர் கப் எனக்கு நன்றாகத் தெரியும். காட்டு வேலைக்கு வடக்குத் தெருவிலிருந்து வருகிற ஆட்களுக்கு டீ கொடுப்பதற்காக அடுப்படி ஜன்னலில் அம்மா ஒரு பாக்கெட் வைத்திருப்பாள். அவர்கள் என்ன சாதி என்பது ஊருக்கே தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்களுக்கென்று தனியாக இரண்டு டம்ளர் பின்வாசலில் கவிழ்ந்து கிடக்கும். அப்புறம் பேப்பர் கப் வந்தது. நானும், பரவாயில்லையே, அம்மா சுத்தமாக நாகரிகமாக மாறிவிட்டாள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பேப்பர் கப் வந்த பிறகும் எங்களுக்கு டம்ளர்தான், அவர்களுக்குத்தான் கப் என்பது என் மரமண்டைக்கு ஏறவே இல்லை.

என் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

"ஏம்மா அவளுக்கு மட்டும் பேப்பர் கப்பு?"

"அதுக்கென்ன, புதுசுதான குடுத்திருக்கேன்."

"அந்த நேபாளத்துக்காரிக்கு டம்ளர்ல குடுத்த?"

"அது பாக்க நம்ம பிள்ளை மாதிரி இருக்கு."

"இவ?"

அம்மா அடுப்பைத் தணித்தாள். "ஆரு எவருன்னு நமக்கு என்ன தெரியும்? உங்க அத்தமாரு வந்து பொழங்குத வீடு. நான் என்ன கொறச்சலாவா குடுத்தேன்? அந்தப் பிள்ளை மேல எனக்குப் பிரியம் இல்லன்னா நினைக்க? பேசாம குடிச்சிட்டு டம்ளரப் போட்டுட்டுப் போ."

 பிரியம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? நைட்டியை உட்கார்ந்து தைத்த கை. திட்டுவதற்கு ஒரு கெட்ட அம்மாவாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைத் தொட்டியில் போட்டேன்.

இரண்டு நாள் இருந்தோம். சாப்பாட்டுக்கு இலை போட்டதால் தப்பித்தேன். இலையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தண்ணீருக்கு அவள் பாட்டில் வைத்திருந்தாள். டீதான் எமன். காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று.  ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பேப்பர் கப்தான் வந்தது. அவள் சந்தோஷமாக வாங்கிக் குடித்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேவிட்டாள். "எனக்கு மட்டும் ஏன் பேப்பர் கப்?"

அவள் குரலில் வருத்தம் இல்லை. நாற்று எத்தனை நாளில் நடுவார்கள் என்று கேட்பது போலத்தான் கேட்டாள். முன் சீட்டில் நேபாளத்துக்காரி தூங்கிக்கொண்டிருந்தாள்.  என்ன சொல்வது? என் அம்மா உன்னைப் பார்த்ததும் வடக்குத் தெரு கணக்கில் சேர்த்துவிட்டாள் என்றா?

"அது பெரிய மரியாதை" என்றேன். "ரொம்பத் தூரத்துல இருந்து வர்ற விருந்தாளிக்கு எங்க ஊர்ல அப்படித்தான். யாரும் வாய் வைக்காத புதுக் கப்புல குடுப்போம்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதே போனை எடுத்து, அவள் பாஷையில் அவள் அம்மாவுக்கு ஒரு நீளமான வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். கோவில்பட்டி வருவதற்குள் பதில் வந்துவிட்டது. உள்ளிருந்து ஒரு பெண் குரல் சிரித்துச் சிரித்து என்னவோ சொன்னது. உன் அம்மாவைக் கடவுள் நல்லா வச்சிருக்கட்டும், என் மகளை இப்படிப் பார்த்துக்கிட்டதுக்கு நன்றின்னு சொல்றாங்க, உன் அம்மாகிட்ட சொல்லு என்றாள். எனக்கு பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

மாசியில் கோவில்பட்டியில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முடித்துவிட்டு அப்படியே பிளாட்டுக்கு வந்து உளுந்தும் முறுக்கும் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று அம்மா சொன்னாள். அதைக் கேட்டதும் தான்சானியாக்காரி கால் தரையில் பாவவில்லை. ஹாலைக் கழுவினாள். கோவில்பட்டிக்குப் போய் இஞ்சி, ஏலக்காய், இன்னும் என்னென்னவோ பை நிறைய வாங்கி வந்தாள். உன் அம்மாவுக்கு நான்தான் டீ போடுவேன் என்றாள். எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். அம்மா அந்த டீயை வாங்கிக் குடிக்க வேண்டும். குடிக்கவில்லை என்றால் இவள் ஏன் என்று கேட்பாள். கேட்டால் என் பொய் முழுதும் அவிழ்ந்துவிடும்.

ரகசியமாக போன் போட்டேன். "அம்மா, அவ டீ தருவா. குடிச்சிரணும்."

"கல்யாண வீட்டுல சாப்பிட்டது வயிறு மந்தமா இருக்குன்னு சொல்லிடுதேன்."

"அம்மா, ஒன் கால்ல விழுதேன்."

"சரி சரி, வந்து பாப்போம்" என்றாள். அது சம்மதமா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அம்மா வந்தாள். பட்டுச்சேலையோடு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரையும் மின்விசிறியையும் பார்த்தாள். நேபாளத்துக்காரி வணக்கம் சொன்னாள். தான்சானியாக்காரி அடுப்படியிலிருந்து தட்டோடு வந்தாள். அம்மா முன்னால் வந்ததும் இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி மண்டியிட்டாள். அவர்கள் ஊரில் பெரியவர்களுக்கு அப்படித்தான் கொடுப்பார்களாம்.

"ஏ, என்னத்துக்கு இதெல்லாம், எந்திரி தாயி" என்று அம்மா பதறினாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. தட்டில் மூன்று எவர்சில்வர் டம்ளரும் ஒரு பேப்பர் கப்பும் இருந்தன. பேப்பர் கப்பை இரண்டு கையாலும் எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. கல்யாணத்துக்கு வந்த அம்மாவுக்கு என் வாயால் நானே ஏற்பாடு பண்ணி வைத்த மரியாதை.

அம்மா கப்பைப் பார்த்தாள். தட்டிலிருந்த மூன்று டம்ளரையும் பார்த்தாள். நாங்கள் மூன்று பேர்.

"ஏட்டி, எனக்கு மட்டும் என்ன இதுல தாரா?"

 அம்மா என்ன கேட்கிறாள் என்று தான்சானியாக்காரிக்கே புரிந்துவிட்டது. மெஸ் அக்காவிடம் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருப்பாள் போல. நிறுத்தி நிறுத்தித் தமிழிலேயே சொன்னாள்.

"அம்மா, புதுக் கப். யாரும் வாய் வைக்கல. அம்மாக்கு மட்டும்."

அம்மா கையில் கப்பை வாங்கிக்கொண்டாள். ஆயுசுக்கும் அந்தக் கப்பை எடுத்து நீட்டியே பழகின கை. அதை வாங்கிப் பழக்கமில்லை. சூடு தாங்காமல் முந்தானையைச் சுற்றிப் பிடித்தாள்.

"இவகிட்ட என்னட்டி சொல்லி வச்சிருக்க?" என்று என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"பெரிய மரியாதைன்னு சொன்னேன்."

 டீயில் ஆடை படிகிறவரை அம்மா கப்பை அப்படியே வைத்திருந்தாள். தான்சானியாக்காரி மண்டியிட்டபடியே அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா வாய் வைத்து, ஒரு சொட்டு விடாமல், மருந்து குடிப்பது போல் குடித்து முடித்தாள். கப்பைச் சின்னதாக நசுக்கி மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டாள். முறுக்கை எடுத்து வெளியே வைத்தாள். "நல்லா இருக்கு தாயி. வாரேன்" என்று அவள் தோளைத் தொட்டுவிட்டு எழுந்தாள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன்.  பஸ் வந்து ஏறப் போகும்போதுதான் அம்மா, "அந்தப் பிள்ளைகிட்ட உள்ளதச் சொல்லித் தொலைச்சிராத. தாங்காது" என்றாள்.

நான் திரும்பி வந்தபோது தான்சானியாக்காரி ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மிச்சமிருந்த பேப்பர் கப் பாக்கெட் பக்கத்தில் கிடந்தது. நேபாளத்துக்காரி ரூமுக்குள் போய்விட்டாள்.

"உன் அம்மா சிரிக்கவே இல்லை. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா? கடையில இருந்ததிலேயே தடிமனான கப்பாத்தான் கேட்டு வாங்கினேன்."

அவ்வளவுதான். என்னால் முடியவில்லை. வடக்குத் தெருவைச் சொன்னேன், பின்வாசலில் கவிழ்ந்து கிடந்த டம்ளர்களைச் சொன்னேன், அடுப்படி ஜன்னலைச் சொன்னேன், பஸ்ஸில் நான் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். என் அம்மா மோசமானவள் இல்லை என்று நடுநடுவே பத்துத் தடவை சொன்னேன். நானும் அதிர்ந்துதான் போனேன், அடுப்படியில் போய் அம்மாவிடம் கேட்டேன் என்றும் சொன்னேன்.  அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அவள் அம்மா அனுப்பிய நன்றியை நினைத்து எனக்குத்தான் அழுகை வந்தது.

பேப்பர் கப் பாக்கெட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உன் அம்மாவை விடு. அவங்க என்னை அன்னைக்குத்தான் பார்த்தாங்க. நீ தினமும் என்னோட ஒரே தட்டுல சாப்பிடுறவ. ரெண்டு நாளும் ஒவ்வொரு தடவையும் உன் கையில டம்ளர் இருந்தது. ஒரு தடவைகூட ஏன் எங்கிட்ட மாத்திக் குடுக்கல?"

எனக்குத் தோன்றவே இல்லை என்றேன். அதுதான் நிஜம். அவள் கேட்கிறவரைக்கும் தோன்றவில்லை.